விரலுக்குத் தெரிகிறது, ஸ்கேனில் தெரியவில்லை: நோட்டரி முத்திரைக்கு எந்த வழி?

ஆவணங்களை ஸ்கேன் செய்து கோப்பாக்குவது என் அன்றாட வேலை. அதனால் ஒரே கேள்வி வேறு வேறு முகத்தோடு வந்துகொண்டே இருக்கிறது. "டிரஸ்ட் பத்திரத்தை ஸ்கேன் போட்டு அனுப்பினேன். நோட்டரி முத்திரை இல்லை என்று திருப்பிவிட்டார்கள். காகிதத்தில் முத்திரை இருக்கிறது, தடவினால் விரலுக்குத் தெரிகிறது. பென்சிலால் தேய்த்துவிடலாமா, கம்ப்யூட்டரில் கருப்பாக்கிவிடலாமா?"

இரண்டுக்கும் நான் சட்டென்று தலையாட்டுவதில்லை. கையில் இருப்பது இரண்டு வழி மட்டும் இல்லை, ஐந்து. அமைப்புகளை மாற்றி மறுபடி ஸ்கேன் போடலாம். சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுக்கலாம். காகிதத்திலேயே முத்திரையைக் கருப்பாக்கலாம். ஸ்கேன் படத்தை மென்பொருளில் தெளிவாக்கலாம். நோட்டரியிடமே திரும்பப் போகலாம். எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காகிதத்தைத் தொடுவதற்கு முன் வெளிச்சத்தை மாற்றிப் பாருங்கள்.

## முதலில், அது எந்த முத்திரை?

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பக்கத்தை ஜன்னலருகே கொண்டுபோய் ஒரு நிமிடம் பாருங்கள்.

புடைப்பு முத்திரை என்றால் இரும்பு இடுக்கி போன்ற கருவியில் காகிதத்தைச் செருகி அழுத்தியது. மை கிடையாது, நிறம் கிடையாது. காகிதம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு மேலே எழும்பி நிற்கிறது, அவ்வளவுதான். அந்த மேட்டின் ஓரத்தில் விழும் நிழலைத்தான் நம் கண் எழுத்தாகப் படிக்கிறது. ஸ்கேனரோ நிழல் விழாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே கட்டப்பட்ட பெட்டி. மூடியும் கண்ணாடியும் சேர்ந்து மேட்டை அழுத்தும். விளக்கு நகர்ந்து நகர்ந்து பக்கம் முழுக்க ஒரே சீராக ஒளியைப் பாய்ச்சும். நிழல் போனால் எழுத்தும் போயிற்று.

மை முத்திரைக்கு நோய் வேறு. நிறம் இருக்கிறது, ஆனால் மை வற்றிய பேடில் தோய்த்து வெளிறியிருக்கும். அல்லது கையெழுத்தின் மேலும் அச்சு வரிகளின் மேலும் விழுந்து மூன்றும் பின்னிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வகை, ஒட்டுவில்லை. தங்க நிறத் தாளையோ சிவப்புக் காகிதத்தையோ ஒட்டி அதன்மேல் அழுத்துவது. பார்க்க மிடுக்காக இருக்கும். பளபளக்கும் தங்கத் தாள் ஸ்கேனர் ஒளியை வேறு பக்கம் திருப்பிவிடுவதால் படத்தில் கருப்புத் திட்டாகத்தான் வரும்.

புடைப்பு முத்திரையும் மை முத்திரையும் ஒரே பக்கத்தில் இருந்தால் சட்டம் எதை முத்திரையாக எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். ஃபுளோரிடா மாநிலத்தில் கருப்பு மையில் அடிக்கும் ரப்பர் ஸ்டாம்ப்தான் அதிகாரப்பூர்வ முத்திரை. புடைப்பு கூடுதலாக இருக்கலாம், அதற்குப் பதிலாக இருக்க முடியாது. கலிஃபோர்னியா சட்டம் முத்திரை எப்படிப் பதிந்தாலும் படமெடுத்தால் தெரியும்படி இருக்க வேண்டும் என்கிறது. இப்படி விதி உள்ள இடத்தில் மை முத்திரை நன்றாகத் தெரிந்தால், மங்கிய புடைப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படவே தேவையிருக்காது. பாதிப் பேரின் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். நான்குக்கும் சம எடை கிடையாது.

மூலப் பத்திரத்துக்கு என்ன ஆகும்? என்னைப் பொறுத்தவரை இதுதான் முதல் கேள்வி. டிரஸ்ட் பத்திரம் ஒரு தடவை காட்டிவிட்டு மறந்துபோகும் காகிதம் இல்லை. இன்றைய அறங்காவலருக்குப் (டிரஸ்டிக்குப்) பிறகு வருபவரும் அவருக்குப் பின் வருபவரும் அதே தாளைத்தான் எடுத்து நீட்டப்போகிறார்கள். எழுதி வைத்தவர் அப்போது உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். இன்றைய ஒரு ஸ்கேனுக்காக அதில் கறை போடுவது பெரிய விலை.

முத்திரையில் உள்ள எல்லாமே படிக்க வருகிறதா? ஒரு வட்டம் தெரிந்தால் போதாது. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு நோட்டரி விதிகள் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட முத்திரையைச் சொல்கின்றன. நோட்டரியின் பெயர், பணிசெய்யும் பகுதி, நியமித்த அரசின் பெயர் அதில் இருக்க வேண்டும். வேறு சில இடங்களில் நியமன எண்ணும் காலாவதித் தேதியும் சேரும். பெறுபவர் சரிபார்ப்பது இவற்றைத்தான். 1.5 மில்லிமீட்டர் உயரமுள்ள ஓர் எழுத்து, அங்குலத்துக்கு 200 புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்தால் 12 புள்ளி உயரத்துக்குள் அடங்கிவிடும். 300இல் 18 புள்ளி, 600இல் 35. 12 புள்ளியில் அச்செழுத்தைப் படித்துவிடலாம். வளைந்து ஓடும் மங்கிய முத்திரை எழுத்தைப் படிக்க முடியாது.

பெறுபவர் அந்தப் படத்தை நம்புவாரா? சிலருக்கு முத்திரை கண்ணில் பட்டால் போதும். சிலர் சந்தேகத்தோடு உருப்பெருக்கிப் பார்ப்பார்கள். சிலருக்கு மூலமே வேண்டும், எவ்வளவு நல்ல படம் அனுப்பினாலும் பயன் இல்லை. பத்திரம் வெளிநாட்டில் செல்லுபடியாக, 1961ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தப்படியான அப்போஸ்டில் சான்று வாங்கப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது.

நேரமும் பக்க எண்ணிக்கையும். ஒரு பக்கத்தில் ஒரு முத்திரை என்றால் எந்த வழியும் செய்யலாம். 40 பக்கத்திலும் முத்திரை என்றால் கணக்கு மாறிவிடும்.

| வழி | பொருத்தமான முத்திரை | மூலத்துக்கு ஆபத்து | நேரம் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|---|
| மறு ஸ்கேன் | மை முத்திரை. ஓரளவு புடைப்பு | கட்டைப் பிரிக்காதவரை இல்லை | பக்கத்துக்கு ஓரிரு நிமிடம் | கோப்பு பெருத்துவிடும் |
| சாய்ந்த ஒளிப் படம் | புடைப்பு, ஒட்டுவில்லை | இல்லை | முத்திரைக்குக் கால் மணி நேரம் | படத்தைப் பக்கத்தோடு இணைத்துக் காட்ட வேண்டும் |
| காகிதத்தில் கருப்பாக்குதல் | புடைப்பு மட்டும் | அதிகம், திரும்பப் பெற முடியாது | சில விநாடி | பின்னாளில் எழும் சந்தேகம் |
| மென்பொருள் | மை முத்திரை | இல்லை | அரை மணி முதல் | "திருத்திய படம்" என்ற பெயர் |
| நோட்டரியிடம் திரும்புதல் | எல்லாமே | இல்லை | நாள்கணக்கில் | கட்டணம், புதிய தேதி |

## மறுபடி ஸ்கேன் போடுவது

அலுவலக ஸ்கேனர்கள் பலவற்றில் வாங்கும்போதே "எழுத்து" முறை வைத்திருப்பார்கள். அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கருப்பு அல்லது வெள்ளை, நடுவில் எதுவும் இல்லை. எந்த அளவுக்கு மேல் கருப்பு என்று இயந்திரமே ஒரு கோடு கிழித்துக்கொள்ளும். வெளிறிய ஊதா முத்திரை அந்தக் கோட்டுக்கு வெள்ளைப் பக்கமாக விழுந்து மறைந்துவிடும். எனவே முதல் வேலை, கலர் முறைக்கு மாற்றி 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, வைப்பது. புடைப்புக்குச் சாம்பல் நிற முறையே போதும்.

அதற்குப் பிறகும் வரவில்லையா? முத்திரையைத் தின்னும் நான்கு வசதிகள் உண்டு, நமக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. பின்னணியை வெளுப்பாக்கும் வசதி பழுப்பேறிய காகிதத்தோடு மங்கிய மையையும் சேர்த்து வெளுத்துவிடும். நிறம் நீக்கும் வசதி, படிவங்களில் உள்ள சிவப்புக் கட்டங்களை மறைப்பதற்காக வைத்தது. அது இயக்கத்தில் இருந்தால் சிவப்பு முத்திரை அப்படியே காணாமல் போகும். கோப்பைச் சிறிதாக்கும் "காம்பாக்ட் பிடிஎஃப்" அச்செழுத்தைத் தனி அடுக்காகவும் மற்றதைப் பின்னணியாகவும் பிரித்து, பின்னணியின் நுணுக்கத்தைக் குறைத்துவிடும். முத்திரை பெரும்பாலும் அந்தப் பின்னணியில்தான் மாட்டும். நான்காவது, வெற்றுப் பக்கத்தைத் தவிர்க்கும் வசதி. ஒருமுறை 38 பக்கப் பத்திரம் கோப்பில் 37 பக்கமாக நின்றது. இரண்டு தடவை எண்ணிப் பார்த்து, இயந்திரத்தின் மேல் பழி போட்டு, கடைசியில் தாளைத் திருப்பிப் பார்த்தால் காணாமல் போனது நோட்டரி பக்கத்தின் பின்புறம். அங்கே புடைப்பு முத்திரையைத் தவிர ஒன்றுமில்லை. ஸ்கேனர் அதை வெறுந்தாள் என்று முடிவு செய்துவிட்டது.

புடைப்புக்கு ஒரு சின்ன வித்தை இருக்கிறது. சில ஸ்கேனர்களில் விளக்கு ஒரு பக்கமிருந்துதான் அடிக்கும். அப்படிப்பட்டவற்றில் பக்கத்தை 90 பாகை திருப்பி வைத்து மறுபடி ஸ்கேன் செய்தால், முதல் தடவை மறைந்த கோடுகள் இரண்டாம் தடவை எழும்பி வரும். மூடியை முழுதாக அழுத்தாமல் விடுங்கள். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் தாளுக்குப் பின்னால் ஒரு கருப்புத் தாளை வையுங்கள். இரண்டு பக்கமும் விளக்குள்ள இயந்திரம் என்றால் இதெல்லாம் வீண், அடுத்த வழிக்குப் போய்விடுங்கள்.

செலவு என்னவென்றால், ஏ4 பக்கம் ஒன்று 600 டிபிஐ கலரில் சுருக்காமல் வைத்தால் 100 மெகாபைட்டைத் தாண்டும். பத்திரம் முழுவதையும் அப்படி எடுக்காதீர்கள். சாதாரணப் பக்கங்கள் 300இல், முத்திரைப் பக்கம் மட்டும் 600இல் எடுத்து ஒரே பிடிஎஃப்பாகக் கோர்க்கலாம்.

இன்னொரு செலவு பணத்தில் வராது. தானாகத் தாளிழுக்கும் ஃபீடரில் போடுவதற்காகப் பின்னைக் கழற்றுவார்கள், நூலை அறுப்பார்கள். பக்கங்கள் மாற்றப்படவில்லை என்பதற்கு அந்தக் கட்டுதான் சாட்சி. நோட்டரி அந்த நூல்மேலேயே முத்திரை வைத்திருக்கவும் கூடும். நேரமானாலும் ஆகட்டும், கட்டோடு, கண்ணாடிமேல் தாளை வைக்கும் பிளாட்பெட் ஸ்கேனரில் வைத்து எடுங்கள்.

## சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுப்பது

புடைப்பு முத்திரைக்கு நான் முதலில் கைவைப்பது இதில்தான். தேவையானது கைப்பேசி, ஒரு டார்ச், இருட்டாக்கக்கூடிய அறை.

தாளை மேசையில் படிய வையுங்கள், அழுத்திப் படிய வைக்க வேண்டாம். கைப்பேசியை முத்திரைக்கு நேர் மேலே, சாயாமல் நிறுத்துங்கள். புத்தக அடுக்கின்மேல் நீட்டி வைத்தாலும் போதும். ஃபிளாஷை அணையுங்கள். விளக்கை அணைத்துத் திரையையும் இழுத்துவிட்டு, டார்ச்சைத் தாளிலிருந்து ஓர் அரை மீட்டர் தள்ளி, கிட்டத்தட்ட மேசையோடு படுக்க வைத்தாற்போல் பிடியுங்கள். அதுவரை வெறும் சொரசொரப்பாக இருந்த இடத்தில் வட்டமும் எழுத்தும் திடுமென எழுந்து நிற்கும். பல ஆண்டுகளாகப் பார்க்கிறேன், இன்னமும் எனக்கு அந்த நொடி அலுக்கவில்லை.

கோணம் முக்கியம். மேட்டின் உயரம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 45 பாகையில் ஒளி விழுந்தால் நிழலின் நீளமும் 0.2 மில்லிமீட்டர்தான், கேமராவுக்கு அது பெரிதாகத் தெரியாது. 15 பாகைக்கு இறக்கினால் நிழல் சுமார் 0.75 மில்லிமீட்டராக நீளும். 5 பாகைக்கு இறக்கிவிட்டால் 2.3 மில்லிமீட்டர், ஓர் எழுத்தின் நிழல் அடுத்த எழுத்தையே விழுங்கிவிடும். ஆகவே 15லிருந்து தொடங்கி, டார்ச்சை மெல்ல ஏற்றி இறக்கிப் பார்த்து நிறுத்துங்கள். அரை மீட்டர் தள்ளிப் பிடிக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. கிட்டே வைத்தால் ஒரு பக்கம் வெளுத்துப்போய் மறுபக்கம் இருண்டுவிடும்.

வட்ட முத்திரையில் எழுத்துகள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. ஒளி வரும் திசைக்கு இணையாக உள்ள கோடுகளுக்கு நிழல் விழாது. அதனால் ஒரு படம் போதாது. கைப்பேசியையும் தாளையும் அசைக்காமல், கடிகாரத்தில் 10 மணி, 1 மணி, 4 மணி, 7 மணி இருக்கும் திசைகளிலிருந்து டார்ச்சை அடித்து நான்கு படம் எடுங்கள். நான்கில் ஒன்றை முதன்மைப் படமாக வைப்பதென்றால் 10 மணிப் படத்தை வையுங்கள். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று எண்ணியே நம் கண் பழகியிருக்கிறது. கீழிருந்து அடித்த படத்தில் மேடெல்லாம் பள்ளமாகத் தோன்றும், பார்ப்பவர் குழம்புவார்.

கண்டுபிடிப்பு ஒன்றும் புதிதில்லை. இதே எண்ணத்தை வளர்த்தெடுத்து, பல திசை ஒளியில் எடுத்த படங்களை ஒரே கோப்பாக்கும் முறையை 2001இல் ஹியூலட் பேக்கார்டு ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் வெளியிட்டார்கள். தேய்ந்த களிமண் பலகைகளைப் படிக்கப் பயன்பட்டது. 2005இல் பழங்கால கிரேக்கரின் ஆன்டிகிதேரா இயந்திரத்தின் எழுத்துகளைப் படிக்கவும் கைகொடுத்தது. ஒரு நோட்டரி முத்திரைக்கு அவ்வளவு தேவையில்லை.

12 மெகாபிக்சல் கேமராவே தாராளம். 5 சென்டிமீட்டர் முத்திரை படத்தில் 2,500 புள்ளி அகலத்தை நிரப்பினால், மில்லிமீட்டருக்கு 50 புள்ளி. முன்னே சொன்ன 1.5 மில்லிமீட்டர் எழுத்துக்கு 75 புள்ளி உயரம் கிடைக்கிறது. 600 டிபிஐ ஸ்கேனைவிட இரண்டு மடங்கு.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். ஆவணம் ஸ்கேன் செய்யும் செயலிகளில் எடுக்காதீர்கள். நிழலைக் கண்டுபிடித்து அழிப்பதுதான் அவற்றின் பெருமையே. சாதாரண கேமராவில் எடுங்கள்.

இந்த வழியின் குறை படத்தில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. முத்திரையை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்பினால், "இது இந்தப் பத்திரத்து முத்திரைதான் என்று எப்படித் தெரியும்?" என்பார்கள். கேட்பது நியாயம்தான். முத்திரைக்கு அருகே உள்ள இரண்டு வரி அச்செழுத்தோ கையெழுத்தின் முனையோ படத்துக்குள் வரட்டும். அதே ஒளியில் முழுப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்து, இரண்டையும் முத்திரைப் பக்கத்துக்கு அடுத்த பக்கமாகச் சேருங்கள்.

40 பக்கத்திலும் புடைப்பு இருந்தால் இந்த வழி உயிரை வாங்கிவிடும். அப்போது கையெழுத்துப் பக்கத்துக்கு மட்டும் போதுமா என்று பெறுபவரிடம் கேட்டுவிடுங்கள்.

## காகிதத்திலேயே கருப்பாக்குவது

பென்சிலைப் படுக்க வைத்து மெல்லத் தேய்த்தால் மேடுகளில் கரி ஏறி முத்திரை பளிச்சென்று தெரியும். புடைப்பின்மேல் மை தடவுவதற்கென்றே சிறு உருளைகளும் விற்கின்றன. எல்லாவற்றிலும் சுலபம், வேகம், செலவும் இல்லை. எந்த ஸ்கேனரிலும் தெரியும். இவ்வளவு நல்லது சொல்லியும் நான் ஏன் தயங்குகிறேன்?

ஆரம்ப நாளில் நானே செய்திருக்கிறேன். முத்திரை நோட்டரியின் கையெழுத்தை ஓர் ஓரம் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு இழுப்பு இழுத்தேன், கரி நீல மைக் கையெழுத்தின்மேல் ஏறியது. ரப்பரால் துடைக்கப் போய்க் கையெழுத்தே மங்கியது. முத்திரை தெரிந்தது, ஆனால் கையெழுத்தை யாரோ அழித்து எழுதியதுபோல் ஆகிவிட்டது. பத்திரத்துக்கு உரியவரிடம் அதை விளக்கிச் சொன்ன அரை மணி நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அழுத்தித் தேய்த்தால் மேடும் தட்டையாகும், மடித்து வைத்தால் கரி எதிர்ப்பக்கத்தில் ஒட்டும்.

இதற்கும் சரியான நேரம் ஒன்று உண்டு: முத்திரை வைக்கும் அதே வேளை, வைக்கிற நோட்டரியின் கையாலேயே. பத்திரம் இனிமேல்தான் நோட்டரியிடம் போகிறது என்றால், "ஸ்கேன் செய்யப் போகிறோம், புடைப்பின்மேல் மை தடவித் தர முடியுமா, பக்கத்தில் மை முத்திரையும் வைக்க முடியுமா" என்று அப்போதே கேளுங்கள். எழுத்தில்லாத வெற்றிடத்தில் வைக்கச் சொல்லவும் மறக்க வேண்டாம். ஒப்படைத்துப் பல வருடம் கழித்து வேறொருவர் தேய்ப்பது வேறு விஷயம். அது கைவைத்த பத்திரம்.

மெல்லிய தாளை முத்திரைமேல் போட்டு, நாணயத்தைப் படியெடுப்பதுபோல் தேய்த்து எடுக்கலாமே என்பார்கள். நோட்டரியின் பெயரை நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ள அது உதவும். ஆவணமாக அனுப்ப உதவாது.

## மென்பொருளில் தெளிவாக்குவது

நேராகச் சொல்லிவிடுகிறேன். புடைப்பு முத்திரை ஸ்கேனில் பதியவே இல்லை என்றால் எந்த மென்பொருளாலும் அதைக் கொண்டுவர முடியாது. இல்லாத நிழலை எதிலிருந்து எடுப்பது?

மை முத்திரைக்கு மட்டும் இது அருமையான வழி, அதுவும் கலர் ஸ்கேன் இருந்தால். கலர் படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சாம்பல் படங்களின் கூட்டு. நீல மை சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது, ஊதா மை பச்சை ஒளியை அதிகமாக உறிஞ்சுகிறது. ஆகையால் நீல முத்திரை சிவப்பு அடுக்கிலும் ஊதா முத்திரை பச்சை அடுக்கிலும் நல்ல கருப்பாகத் தெரியும், நீல அடுக்கில் இரண்டும் மங்கிவிடும். சிவப்பு முத்திரைக்கு நேர் எதிர்: சிவப்பு அடுக்கில் மறைந்துபோகும், பச்சையில் பளிச்சிடும். மென்பொருளில் அடுக்குகளைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். பல தடவை வேறொன்றுமே செய்ய வேண்டியிருக்காது.

ஊதா முத்திரை கருப்புக் கையெழுத்தின்மேல் விழுந்திருந்தால் இன்னும் ஒரு படி. கருப்பு மை மூன்று அடுக்கிலும் ஒரேபோல் கருப்பு. நீல அடுக்கிலிருந்து பச்சை அடுக்கைக் கழித்தால் கருப்பு கருப்போடு அடிபட்டுப் போய், முத்திரை மட்டும் தனியே நிற்கும். பெயரையும் எண்ணையும் படிக்க இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியாது.

வரம்பு எங்கே? முத்திரையை மட்டும் வெட்டிக் கருப்பாக்கி அதே இடத்தில் வைத்தால், ஓரம் காட்டிக்கொடுத்துவிடும். வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியதுபோல் இருக்கும். எந்த மாற்றமும் பக்கம் முழுவதற்கும் ஒரே அளவில் செய்யுங்கள். தெளிவாக்கிய பக்கத்தோடு, கைபடாத ஸ்கேனையும் சேர்த்தே அனுப்புங்கள். செயற்கை நுண்ணறிவால் படத்தைக் கூர்மையாக்கும் கருவிகள் பக்கம் போகவே வேண்டாம். அவை மங்கிய எழுத்தைப் படிப்பதில்லை, என்ன எழுத்தாக இருக்கும் என்று ஊகித்து வரைகின்றன. நியமன எண்ணில் ஒரு 3 ஒரு 8 ஆகிவிட்டால் அது வெறும் மங்கல் இல்லை, தவறான ஆவணம்.

இது வெறும் பயமுறுத்தல் என்று நினைக்க வேண்டாம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள் பக்கத்தில் உள்ள எண்களையே மாற்றிப் போடுகின்றன என்று 2013இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல் கண்டுபிடித்தார். ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளுக்கு ஒரே வடிவத்தைப் பயன்படுத்தி இடம் மிச்சப்படுத்தும் ஜேபிக்2 என்ற சுருக்க முறைதான் காரணம். 6 இருந்த இடத்தில் 8 வந்து உட்கார்ந்தது. படம் மங்கவே இல்லை, அழகாகத் தெளிவாக இருந்தது. அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை.

மூலம் கையில் இல்லை, பழைய கலர் ஸ்கேன் மட்டுமே இருக்கிறது என்பவர்களுக்கு இருப்பது இந்த ஒரே வழிதான்.

## நோட்டரியிடம் திரும்பப் போவது

பலர் இதைக் கடைசி வழியாக நினைக்கிறார்கள். மூலம் சேதமாகியிருந்தாலோ, பெறுபவர் படத்தை ஏற்கவே மாட்டேன் என்றாலோ இதுவே முதல் வழி.

ஆனால் "அதே பக்கத்தில் இன்னொரு முத்திரை வைத்துக் கொடுங்கள்" என்று கேட்டுப் போகாதீர்கள். ஒழுங்கான நோட்டரி பழைய தேதியில் எதையும் சேர்க்க மாட்டார். புதிய சான்று தந்தால் தேதி புதிதாக இருக்கும், கையெழுத்திட்டவர்கள் மறுபடி நேரில் வரவேண்டியிருக்கும். டிரஸ்டை எழுதிவைத்தவர் காலமாகியிருந்தால் அந்தக் கதவு மூடியாயிற்று. பழைய நோட்டரியே இப்போது பணியில் இல்லாமலும் இருக்கலாம்.

கேட்க வேண்டியவை வேறு. மூலத்தைப் பார்த்து ஒப்பிட்டு, "இது உண்மை நகல்" என்று நகலின்மேல் சான்று தர முடியுமா என்று கேளுங்கள். சில சட்டங்கள் நோட்டரிக்கு அந்த அதிகாரத்தைத் தருகின்றன, சில தருவதில்லை. பத்திரம் பதிவுசெய்யப்பட்டதாக இருந்தால் பதிவு அலுவலகத்தின் சான்றிட்ட நகல் இதைவிட வலுவானது.

இன்னொரு வழியைப் பலர் யோசிப்பதே இல்லை. 40 பக்கப் பத்திரத்தின் முத்திரைக்காக மல்லுக்கட்டுவதற்குப் பதிலாக, டிரஸ்ட் இருக்கிறது, நான்தான் அறங்காவலர், எனக்கு இன்னின்ன அதிகாரம் உண்டு என்று ஒன்றிரண்டு பக்கத்தில் அறங்காவலரே ஒரு சான்று எழுதிக் கையெழுத்திட்டு, அதைப் புதிதாக நோட்டரி செய்துவிடலாம். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டின் சீர்நிலை டிரஸ்ட் சட்ட மாதிரி, 1013ஆம் பிரிவில் இதற்கென்றே இடம் வைத்திருக்கிறது. முழுப் பத்திரத்தையும் அந்நியருக்குக் காட்ட வேண்டாம் என்பது கூடுதல் லாபம். இப்படிப்பட்ட சான்றை ஏற்கும் சட்டம் உங்கள் பத்திரத்துக்குப் பொருந்துமென்றால், முத்திரைப் பிரச்சினையைத் தீர்ப்பதைவிடத் தாண்டிப் போவது மேல்.

மின்வழியில் நோட்டரி செய்த பத்திரத்துக்கு மேலே சொன்ன எதுவும் வேண்டாம். அதில் தெரியும் முத்திரை வெறும் படம். உயிர் கோப்புக்குள் இருக்கும் டிஜிட்டல் கையொப்பத்தில் இருக்கிறது. அச்சிட்டு ஸ்கேன் செய்தால் அந்தக் கையொப்பம் செத்துப்போகும். வந்த பிடிஎஃப்பை வந்தபடியே அனுப்புங்கள்.

## உங்கள் நிலைமைக்கு எது

புடைப்பு முத்திரை, மூலம் கையில், முத்திரைப் பக்கம் ஒன்றிரண்டு: சாய்ந்த ஒளி, யோசிக்கவே வேண்டாம். மங்கிய மை முத்திரை: கலரில் மறு ஸ்கேன், அதன்பின் அடுக்கு பிரித்தல். தங்க ஒட்டுவில்லை: டார்ச்சுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து ஒளியை மென்மையாக்கிப் படம் எடுங்கள், பளபளப்பு அடங்கும். பக்கம் தோறும் புடைப்பு, பெறுபவரும் கறார்: நேரத்தை வீணாக்காமல் நோட்டரி. பத்திரத்துக்கு இன்னும் முத்திரையே வைக்கவில்லை: கருப்பு மை முத்திரை, வெற்றிடத்தில்.

எந்த வழியில் போனாலும் அனுப்பும்போது எந்தப் பக்கத்தில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் வழக்கமாக எழுதுவது இது: "பக்கம் 37: மாற்றமில்லாத ஸ்கேன். பக்கம் 38: அதே பக்கத்தின் புடைப்பு முத்திரை, பக்கவாட்டு ஒளியில் எடுத்த படம், படத்தில் திருத்தம் எதுவும் இல்லை. மூலம் கோரினால் காட்டப்படும்." இந்த வரிகள் இல்லாமல் அனுப்பிய அதே படங்கள் திரும்பி வந்ததும், வரிகளைச் சேர்த்து அனுப்பியதும் மறுபேச்சில்லாமல் ஏற்கப்பட்டதும் என் அனுபவத்தில் உண்டு.